பயணப் படங்களை எங்கே வைப்பது: ஆல்பமா, போட்டோ புத்தகமா, மேகமா?

2024 டிசம்பர் கடைசியில் பினாங்கிலிருந்து நாங்கள் பதினொரு பேர் தமிழ்நாட்டுக்குப் போய்வந்தோம். மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர், அப்புறம் அம்மாவின் சொந்தக்காரர்கள் இருக்கும் கிராமம். கையில் ஆறு கைப்பேசிகள். வீடு திரும்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி எண்ணியபோது 2,940 படங்கள் இருந்தன. அதில் முந்நூறாவது வாழையிலைச் சாப்பாடாக இருக்கும், அதற்கு முழுப் பொறுப்பு என் தம்பி.

வந்த மூன்றாம் நாள் அம்மா கேட்டார், "படமெல்லாம் எங்கடி?"

என் கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளத் தொடங்கினார். ஒரு படம் மூக்கு மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது, இன்னொன்று எங்கேயோ காணாமல் போனது, நடுவில் பல் மருத்துவமனைக்கு ஓர் அழைப்பும் போய்விட்டது. நான்காவது படத்தில் "சரி சரி, அப்புறம் பார்க்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு வயது 78. அந்த "அப்புறம்" வரவே வராது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் இதே பயணத்தை மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். எல்லாரும் சேர்ந்து படம் போடும் கூகுள் போட்டோஸ் தொகுப்பு ஒன்று (இணையத்தில் சேமிப்பதால் இதைத்தான் மேகம் என்கிறேன்), இணையத்தில் வடிவமைத்து அச்சிட்டு வாங்கும் போட்டோ புத்தகம் ஒன்று, கடையில் 4ஆர் (ஆறுக்கு நாலு அங்குலம்) அளவில் கழுவி (கழுவுவதெல்லாம் எப்போதோ போய்விட்டது, வாய் மட்டும் மாறவில்லை) உறைகளில் சொருகி வைக்கும் பழைய மாதிரி ஆல்பம் ஒன்று. என் மனம் ஆல்பத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

வாட்ஸ்அப் குழுவை இந்தப் பந்தயத்தில் நான் சேர்க்கவே இல்லை. (எங்கள் அண்ணி தமிழாசிரியை, அவர் அதைப் புலனம் என்றுதான் சொல்வார், நாங்களும் அவர் எதிரில் அப்படித்தான் சொல்வோம்.) அதில் படம் வந்து சேரும், இரண்டு நாள் கைகூப்பும் படங்களும் இதயங்களும் வரும், பிறகு யாருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கோ அடியில் புதைந்துவிடும். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கத்தை 1600 புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் இடமும் கழன்றுவிடும். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும். முகநூலைப் பற்றி ஒன்றுமே சொல்லப் போவதில்லை. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

முதலில் மேகம். சும்மா சொல்லக்கூடாது, சேகரிப்பதற்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு இணைப்பை அனுப்பினேன், ஆறு பேரும் அவரவர் கைப்பேசியிலிருந்தே ஏற்றினார்கள். மெல்பர்னில் இருக்கும் அண்ணன் அன்று இரவே பார்த்துவிட்டு "அம்மா ஏன் இளைச்சுப் போயிருக்காங்க" என்று கேட்டுவிட்டார். முகத்தைத் தொட்டால் அந்த ஆள் இருக்கும் படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. என் மகள் மட்டும் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி அதிலிருந்து ஏற்றியதால் அவளுடைய தனுஷ்கோடிப் படங்கள் எல்லாம் ஜனவரி தேதியில், நாங்கள் பினாங்கில் பொங்கல் வைத்த படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டன. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பொங்கல் பானை. கையால் தேதியை மாற்றலாம், நாற்பது படம் மாற்றியதும் கை ஓய்ந்துவிட்டது.

நான் மேகத்தைவிட்டு விலகியதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. பராமரிப்புதான். ஆல்பத்துக்குப் பராமரிப்பு வேண்டும், மேகத்துக்கு வேண்டாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பட்டது நேர்மாறு. ஆல்பத்தைப் பத்து வருடம் யாரும் தொடாமல் விட்டால் மஞ்சளாகும், ஓரம் பூக்கும், ஆனாலும் திறந்தால் உள்ளே அத்தை இருப்பார். மேகத்தைப் பத்து வருடம் தொடாமல் விட முடியாது. யாராவது ஒருவர் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டும், கைப்பேசி எண்ணை மாற்றும்போது அங்கேயும் மாற்ற வேண்டும், இடம் நிறைந்தால் மாதக் காசு கட்ட வேண்டும், காசு கட்டும் அட்டை காலாவதி ஆனால் புது அட்டையைப் பதிய வேண்டும். கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அது முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. இரண்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்காத கணக்கை அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் பிக்காசா இருந்தது, 2016-இல் அதற்குத் திரை போட்டார்கள். ஃபிளிக்கரும் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் போதும் என்று சுருக்கிக்கொண்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை, இடத்துக்கு வாடகை கேட்பது நியாயம்தான். ஆனால் வாடகை வீடு என்பது நினைவில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2016-இல் குடும்பமாக இந்தோனேசியாவின் மேடான் போய், அங்கிருந்து தோபா ஏரிக்குப் போய், படகில் சமோசிர் தீவைச் சுற்றிவிட்டு வந்தோம். படமெல்லாம் என் கணவர் பெயரில் இருந்த ஒரு சேமிப்புக் கணக்கில் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம், தப்பு எங்களுடையது). இடையில் அவர் எண்ணை மாற்றினார். ஒரு நாள் உள்ளே போகப் பார்த்தால் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகிறது, அந்த எண் இப்போது யாரிடமோ இருக்கிறது. மீட்பு மின்னஞ்சல் என்று அவர் கொடுத்திருந்தது பழைய வேலையிடத்து மின்னஞ்சல். மாமியார் படகில் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம் ஒன்று உண்டு, அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. இருக்கிறதா என்பதுகூட இப்போது தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் அப்பாவின் ஆல்பம். 1981-இல் அப்பாவும் சின்னையா என்பவரும் இங்கிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் போனார்கள். கப்பல் தளத்தில் இருவரும் ஒரே மாதிரி அகலக் கால் பேண்ட் போட்டு நிற்கும் படம். அது ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பம், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்ததே, மேலே கண்ணாடித் தாள் போட்டு அமுக்கிவிடுவார்களே, அது. பசை காய்ந்து கோடு கோடாகப் பழுப்பேறி, வண்ணப் படங்கள் எல்லாம் சிவந்துபோய் (அக்காலப் படங்களில் நீலச் சாயம்தான் முதலில் போகும், இருட்டில் வைத்தாலும் போகும்), பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த ஆல்பத்தை ஒருவரும் பராமரிக்கவில்லை, ஜெலுத்தோங்கில் இரண்டு அடுக்குமாடி வீடு மாறியிருக்கிறது, சமையலறை மேல்தட்டில் கிடந்திருக்கிறது. ஆனாலும் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுத்தபோது படம் முழுசாக வந்தது. பின்பக்கம் நீல மையில் அப்பாவின் கையெழுத்து: "சிதம்பரம் கப்பல். 1981. நானும் சின்னையாவும். மூணாம் நாள், வாந்தி நின்றது."

1985-இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவே இல்லை. அப்பாவும் இப்போது இல்லை, சின்னையாவும் இல்லை. "வாந்தி நின்றது" என்பதை எந்தக் கணினியும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காது. என்னைக் கேட்டால் முழு ஒப்பீடும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது, ஆனாலும் போட்டோ புத்தகத்துக்கு நியாயம் செய்யாமல் போகக் கூடாது.

போட்டோ புத்தகம் நான் செய்தது ஒன்றே ஒன்று, அதற்கு மேல் அனுபவம் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பார்க்க மூன்றிலும் அழகு அதுதான். கெட்டி அட்டை, நாற்பது பக்கம், நூற்றைம்பது மலேசிய வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு. பக்கம் அமைக்க எனக்கு மூன்று வாரத்து மாலைப்பொழுதுகள் போயின. முதல் தலைவலி தமிழ். நான் பயன்படுத்திய மென்பொருளில் "தனுஷ்கோடி" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். கடைசியில் ஒவ்வொரு வரியையும் வேறு செயலியில் எழுதி, படமாக மாற்றி, ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது, அந்த 1600 புள்ளி. 4ஆர் என்பது ஆறு அங்குலம், அதற்கு 1600 தாராளம். புத்தகத்தில் பக்கம் முழுக்க விரித்தால் பன்னிரண்டு அங்குலம் போகும், அங்கே பல்லிளித்துவிடும். மதுரைத் தெற்குக் கோபுரத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்தேன், மூலப்படம் என்று நினைத்தது வாட்ஸ்அப்பில் வந்த படம், சுதையெல்லாம் கரைந்த வெல்லம் மாதிரி வந்தது.

ஆனால் போட்டோ புத்தகத்தை எனக்குப் பிடிக்காமல் செய்தது சுங்கை பட்டாணி அத்தைதான். வந்தார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார், மூடி வைத்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. நான் உங்ககூட வந்தேனா?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. நாற்பது பக்கத்தில் அத்தை ஒரு படத்தில்கூட இல்லை, பாதிப் படங்களை எடுத்ததே அவர்தான். அச்சானதற்கு அப்புறம் என்ன செய்ய முடியும்? ஆல்பமாக இருந்தால் ஒரு உறையில் ஒரு படம் மாற்றிச் சொருகினால் முடிந்தது வேலை.

இனி ஆல்பம். 2,940-இலிருந்து 120 படம் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பக்கத்துக் கடையில் ஒன்று 80 சென், ஆக 96 வெள்ளி, ஆல்பம் 25 வெள்ளி. தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை, ஆனால் இந்த வேலையை மேகம் நம்மிடம் கேட்பதே இல்லை, அதனால்தான் அங்கே யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்று எனக்கொரு சந்தேகம்.

கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசி எடுப்பது நாலுக்கு மூன்று, 4ஆர் தாளோ ஆறுக்கு நாலு. தாள் நிறைய அச்சிடச் சொன்னால் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். படுக்கைவாட்டில் எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டும், நிற்கவைத்து எடுத்ததில் இரண்டு ஓரமும் வெட்டும். தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் பதினொரு பேரும் நின்ற ஒரே படம், முதல் தடவை அச்சிட்டபோது 200 அடிக்கு மேல் நிற்கிற விமானத்துக்குக் கலசம் இல்லை, கீழே எங்களுக்குக் கால் இல்லை. "வெள்ளை ஓரம் வந்தாலும் பரவாயில்லை அண்ணே, முழுப்படம் வரட்டும்" என்று சொல்லி இரண்டாம் தடவை அச்சிட்டு வாங்கினேன். நீங்கள் முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

பின்பக்கம் எழுதுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. இப்போதைய தாளில் பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் வழுக்கும், சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு எழும்பும். மெல்லிய முனை கொண்ட அழியாத மைப் பேனா வாங்கி, எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு அடுக்க வேண்டும். நான் அவசரப்பட்டதில் "பாம்பன்" என்ற எழுத்து அடுத்த படத்தில் பெரியம்மா கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன எழுதுவது? யார், எங்கே, எந்த மாதம், அப்புறம் படத்தில் தெரியாத ஒன்று. பாம்பன் படத்தின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறேன்: "1914 பாலம், ரயில் நிறுத்தி இரண்டு வருடம். பக்கத்தில் புதுப் பாலம், இன்னும் திறக்கவில்லை. தம்பி தொப்பி கடலில் போனது." 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள், ஆக அந்தப் படம் இனி யாராலும் எடுக்க முடியாத படம் ஆகிவிட்டது.

மதுரைக்கு இன்னொரு சங்கதி. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசி கொண்டுபோக முடியாது. எங்களிடம் உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் 1981 படத்தில் பொற்றாமரைக் குளத்துப் படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அதை மறுபடி எடுத்து அச்சிட்டு, நாங்கள் கோபுரத்துக்கு வெளியே செருப்போடு நிற்கும் படத்துக்குப் பக்கத்து உறையில் வைத்தேன். நாற்பத்து மூன்று வருட இடைவெளியில் அப்பா உள்ளே, நாங்கள் வெளியே. அம்மா அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பார். அதற்கடுத்த பக்கங்களில் உள்ளூர்ப் படங்களும் சேர்ந்துவிட்டன: கொடிமலை ரயிலில் பேரப்பிள்ளைகள், தைப்பிங் ஏரிப் பூங்காவில் சாலைமேல் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், இப்போது ஓடாத பழைய பெர்ரிப் படகில் காற்றில் தலைமுடி பறக்க நான்.

ஆல்பத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் ஒரு பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது சூடாக்கி மறுபடி வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சும்மா புரட்டி விடுங்கள். வெள்ளத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது தரைத்தளத்தில் இருந்த சித்தி வீட்டில் நாலு ஆல்பம் நனைந்தது, ஈரத்தோடு வெயிலில் காயவைத்ததில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகிவிட்டன. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் மேகத்தை நான் மூடவில்லை. அது கிடங்காக இருக்கட்டும், மூலப்படங்கள் அங்கேயே கிடக்கட்டும், நான் ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் மகளுக்குப் போகிற மாதிரி அமைத்தும் வைத்திருக்கிறேன். ஆல்பம் கூடத்தில்.

படம் தானாக மாறிக்கொண்டே இருக்கும் மின்சட்டம் (டிஜிட்டல் ஃபிரேம்) எப்படி என்று கேட்டாள் ஒருத்தி. நான் வாங்கியதில்லை, கொழுந்தன் வீட்டில் பார்த்ததோடு சரி. முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள், அடுத்த முறை போனபோது அதன் மின்கம்பியில் யாரோ கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டிருந்தார்கள்.

போன தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஆல்பத்தை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. நெய்யுருண்டை பிடித்த கையோடு எல்லாரும் புரட்டினார்கள், உறை இருந்ததால் படம் பிழைத்தது. போட்டோ புத்தகமும் அதே மேசையில்தான் இருந்தது, அதைக் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டவர்கள் இருவர், மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி அட்டையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். பட்டர்வொர்த் மாமா மட்டும் ரொம்ப நேரம் ஒரு பக்கத்திலேயே இருந்தார். போகும்போது, "இந்தக் கப்பல் படத்தை நான் வச்சுக்கட்டா?" என்றார். சின்னையா அவருக்கு அப்பா.

மூலப்படமா அது என்று ஒரு கணம் திக்கென்றது, இல்லை, 80 சென் பிரதிதான். எடுத்துக் கொடுத்தேன், பின்பக்கம் அப்பா எழுதியிருந்ததை நான் பார்த்து எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "வாந்தி நின்னுச்சாமா" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த உறை இப்போது காலி. மறுபடி அச்சிட்டு வாங்கும்வரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் சொருகி வைத்திருக்கிறேன்: "மாமா கொண்டுபோனார்."